எத்தனை படி ஏற வேண்டும்?

அன்புள்ள சார்,

சென்ற ஆண்டு நீங்கள் எழுதிய கிரேக்கப் பயணக் குறிப்புகளை விடாமல் படித்தேன். நான் மியூனிக்கில் வேலை செய்கிறேன். அம்மா ஜூலையில் திருநெல்வேலியிலிருந்து வருகிறார், செப்டம்பர் கடைசி வரை எங்களுடன் இருப்பார். வயது 68. முழங்கால் வலி உண்டு. முட்டைகூடச் சேர்க்காத சைவம். அம்மா, நான், மனைவி, ஏழு வயது மகள் என நான்கு பேரும் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் சாண்டோரினியில் ஏழு இரவு தங்க நினைக்கிறோம். வெள்ளைச் சுவர், நீலக் கூரை, அறை வாசலிலேயே குட்டி நீச்சல் குளம். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனைவிக்கு வேறு இடமே பிடிக்கவில்லை. விலையைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. நான்கு பேருக்கும் சேர்த்து இரவுக்கு 120 யூரோதான் என் எல்லை. வசதியாகவும் கட்டுப்படியாகவும் ஒரு ஹோட்டல் சொல்ல முடியுமா?

எஸ்., மியூனிக்

அன்புள்ள எஸ்.,

ஒரு ஹோட்டல் பெயரை எழுதி அனுப்பிவிட்டால் எனக்கு வேலை முடிந்தது. ஆனால் உங்கள் திட்டத்தில் ஹோட்டலுக்கு முன்னால் மாற்ற வேண்டியவை இரண்டு இருக்கின்றன. முதலில் தேதி, அப்புறம் தீவு. இவை சரியானால் 120 யூரோவுக்குள் நீங்களே நாலைந்து நல்ல அறைகளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

தேதியிலிருந்து வருகிறேன். ஆகஸ்ட் 15 மாதா திருநாள். கிரேக்கர்களுக்கு ஈஸ்டருக்கு அடுத்த பெரிய பண்டிகை. அந்த வாரம் ஏதென்ஸ்காரர்கள் பாதிப்பேர் ஏதாவது ஒரு தீவில் இருப்பார்கள். தீபாவளிக்கு முந்தின இரவு சென்னையில் பஸ் தேடியிருக்கிறீர்களா? அந்தக் கதைதான், பஸ்ஸுக்குப் பதில் கப்பல். அறைகளுக்கு வருடத்திலேயே அதிக விலை அப்போதுதான். போதாததற்கு மெல்தேமி என்ற வடகாற்று ஜூலையிலும் ஆகஸ்டிலும் நாள்கணக்கில் விடாமல் வீசும். மிகவும் பலமாக வீசினால் துறைமுகத்தில் கப்பலை நிறுத்திவைத்துவிடுவார்கள்.

மகளின் பள்ளியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் பவேரியா என்பதால் தப்பித்தீர்கள். ஜெர்மனியின் பல மாநிலங்களில் ஆகஸ்டிலேயே பள்ளி திறந்துவிடும். உங்களுக்குச் செப்டம்பர் நடுப்பகுதி வரை விடுமுறை. ஆகவே செப்டம்பர் முதல் பத்து நாள். கிரேக்கக் குடும்பங்கள் ஊர் திரும்பியிருக்கும். வெயில் ஒருபடி தணிந்திருக்கும். கடல் மட்டும் கோடை முழுக்க வாங்கிய சூட்டை வைத்துக்கொண்டு வெதுவெதுப்பாக இருக்கும். அம்மா காலை நனைக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

இனி தீவு. சாண்டோரினியின் படங்களில் நாம் பார்ப்பது அந்தத் தீவின் மேற்கு விளிம்பை மட்டும்தான். சுமார் 3600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, நடுப்பகுதி கடலுக்குள் சரிந்து உண்டான பெரும் பள்ளம் அங்கே இருக்கிறது. கால்டெரா என்கிறார்கள். ஃபிரா, இமெரோவிக்லி, ஓயா எல்லாம் அந்தப் பள்ளத்தின் உதட்டில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர்கள். சாலை மேலே இருக்கும், அறைகள் பாறைச் சரிவில் அடுக்கடுக்காகக் கீழே இறங்கும். இடையில் படிக்கட்டு, படிக்கட்டு, படிக்கட்டு.

முதல்முறை போனபோது நானும் படத்தில் மயங்கினவன்தான். சேமிப்பைக் கரைத்து இரண்டு இரவு கால்டெரா பக்கம் ஓர் அறை எடுத்தேன். சாலையிலிருந்து அறைக் கதவு வரை 97 படிகள். எண்ணியது என் மனைவி. இரண்டாம் நாள் மாலை, தண்ணீர் பாட்டில் வாங்க மறந்துவிட்டு நான் மறுபடி மேலே ஏறியபோது. அறை என்பது குகை வீடு. ஒரு காலத்தில் கையில் காசில்லாதவர்கள் இறுகிய எரிமலைச் சாம்பலைக் குடைந்து அமைத்துக்கொண்ட வீடுகள் அவை. இன்று தீவிலேயே அதிக விலை அவற்றுக்குத்தான். வெயிலுக்கு இதம், மறுக்கவில்லை. ஆனால் முன்பக்கம் மட்டும்தான் ஜன்னல். துவைத்த துண்டு இரண்டு நாளாகியும் காயவில்லை. அந்தக் குட்டிக் குளமும் இருந்தது. நான்கு பேர் இறங்கினால் நிரம்பிவிடும். அதற்கு நேர் மேலே பொதுப்பாதை. போகிற வருகிறவர்கள் எல்லோரும் நின்று, நம் தலைக்கு மேலாகக் கடலைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். என் வழுக்கை எத்தனை நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததோ!

அம்மாவை அங்கே ஏழு நாள் வைத்தால், ஆறு நாள் அறைக்குள்தான் இருப்பார்.

நாக்ஸோஸுக்குப் போங்கள். அதே ஏஜியன் கடல், அதே சிக்லேட்ஸ் தீவுக்கூட்டம். அந்தக் கூட்டத்திலேயே பெரிய தீவு. சாண்டோரினி சுமார் 76 சதுர கிலோமீட்டர், இது 430. விலை ஏன் குறைவு என்று கேட்பீர்கள். இங்கே உருளைக்கிழங்கு விளைகிறது, மாடு மேய்கிறது, பாலாடைக்கட்டி செய்கிறார்கள், மலையிலிருந்து சலவைக்கல் வெட்டுகிறார்கள். சுற்றுலாப் பயணியை மட்டும் நம்பி ஊர் நடக்கவில்லை. விமான ஓடுதளமும் சின்னது. ஏதென்ஸிலிருந்து சிறிய விசிறி விமானங்கள்தான் இறங்க முடியும். மியூனிக்கிலிருந்து நேராகச் சாண்டோரினியில் போய் இறங்கலாம், நாக்ஸோஸில் முடியாது. அந்த ஒரு கூடுதல் சிரமம்தான் அறை விலையைத் தரையில் வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

தலைநகரின் பெயர் ஹோரா. அதன் மேட்டில் 13ஆம் நூற்றாண்டில் வெனிஸ்காரர்கள் எழுப்பிய கோட்டை இருக்கிறது. சுற்றிலும் குறுகலான சந்துகள், பார்க்க அழகு. அங்கே அறை எடுக்காதீர்கள், மறுபடியும் படிக்கட்டு. துறைமுகத்திலிருந்து தெற்கே கால் மணி நேரம் நடந்தால் அயியோஸ் யோர்கியோஸ் கடற்கரை வரும். உங்கள் நான்கு பேருக்கும் நான் தேர்ந்தெடுப்பது அந்தப் பகுதியைத்தான். சமதரை. நைசான மணல். கடல் வெகுதூரம் வரை இடுப்பளவுகூட இல்லை, மகளை நம்பி விடலாம். பேக்கரி, மருந்துக்கடை, சூப்பர்மார்க்கெட் எல்லாம் நடக்கிற தூரம். இன்னும் தெற்கே அயியா அன்னா, பிளாகா என்று நீண்ட மணல் கரைகள் உண்டு. கடல் இன்னும் அழகு, ஆனால் எதற்கும் பஸ் வேண்டும். பகலில் போய்வர அவை போதும்.

ஹோட்டல் என்ற சொல்லையும் கொஞ்சம் மறந்துவிடுங்கள். தீவுகளில் குடும்பங்களே நடத்தும் வாடகை அறைகள் ஏராளம். தொமாத்யா என்பார்கள். கீழே உரிமையாளர் குடும்பம், பக்கத்திலோ மாடியிலோ ஏழெட்டு அறைகள். இவற்றுக்கு நட்சத்திரம் கிடையாது. அரசு தரும் குறியீடு சாவி, ஒன்றிலிருந்து நான்கு வரை. நட்சத்திரத்தை மட்டும் வைத்துத் தேடினால் இவை கண்ணிலேயே படாது. ஸ்டூடியோ அல்லது அபார்ட்மென்ட் என்று போட்டிருந்தால் இரட்டை அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், நாலு பாத்திரம் இருக்கும். செப்டம்பரில் உங்கள் தொகைக்கு இரண்டு அறை கொண்ட அபார்ட்மென்ட்டே அகப்படும். அம்மாவுக்குத் தனி அறை கிடைப்பதுதான் இந்தப் பயணத்தின் பெரிய ஆடம்பரம், குளம் இல்லை.

பதிவு செய்யும் முன் உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சாலையிலிருந்து அறைக் கதவு வரை எத்தனை படி? முதல் கேள்வி இதுதான். ‘தரைத்தளம்’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், சரிவில் கட்டிய ஊர்களில் தரைத்தளத்துக்கே இருபது படி இருக்கும். குளிக்கும் இடத்துக்குள் நேராக நடந்து போகலாமா, தொட்டியின் விளிம்பைத் தாண்ட வேண்டுமா என்றும் கேளுங்கள். டபுள் பெட் என்பது பல இடங்களில் இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டதாக இருக்கும், அதனால் கட்டில் கணக்கையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நேரடியாக எழுதினால் பதிவுத் தளத்தைவிடக் கொஞ்சம் குறைத்துத் தருபவர்களும் உண்டு, துறைமுகத்துக்கு வண்டியோடு வந்து நிற்பவர்களும் உண்டு. பதில் எப்படி வருகிறது என்பதிலேயே அந்த வீடு எப்படிப்பட்டது என்று பாதி தெரிந்துவிடும். எனக்கு ஓர் அம்மாள் படிக்கட்டைப் படம் எடுத்தே அனுப்பினார்.

விலையில் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. தங்கும் அறைக்குக் கிரேக்க அரசு ஒரு வரி வாங்குகிறது. பருவநிலைப் பேரிடர்களைச் சமாளிக்க என்று பெயர். 2025 கணக்குப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு மூன்று நட்சத்திர ஹோட்டலில் 5 யூரோ, நான்கில் 10, ஐந்தில் 15. ஒன்று, இரண்டு நட்சத்திரங்களுக்கும் வாடகை அறைகளுக்கும் 2 யூரோதான். பெரும்பாலும் இது பதிவு விலையில் சேராது, போய் இறங்கியதும் தனியாகக் கேட்பார்கள்.

கழிப்பறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே கழிவுக் குழாய்கள் குறுகல், காகிதத்தை உள்ளே போடக் கூடாது. பக்கத்தில் கூடை வைத்திருப்பார்கள். கைக்குழாய் எதிர்பார்க்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் குவளையைப் பெட்டியில் போட்டுக்கொண்டால் அம்மா நிம்மதியாக இருப்பார்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். கிரேக்கத் திருச்சபையில் விரத நாட்கள் ஏகப்பட்டவை. இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லாத சமையல் அவர்களிடம் தொன்றுதொட்டு இருக்கிறது. நிஸ்திசிமா என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். ஆனால் இறாலும் கணவாயும் விரதத்தில் அவர்களுக்குச் சரிதான், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் தக்காளியோடு நிதானமாக வெந்த பீன்ஸ், கத்தரிக்காய், வெண்டைக்காய் வகைகளுக்கு லாதேரா என்று பெயர். வெண்டைக்காய் பாம்யெஸ், அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். ஃபாவா நம் கடைந்த பருப்புக்கு ஒன்றுவிட்ட தங்கை. சீமைச் சுரைக்காய் உருண்டையில் முட்டை இருக்கும், தவிர்க்கவும். ‘ஹோரிஸ் அவ்கோ’ என்றால் முட்டை இல்லாமல். இரவில் அறையிலேயே அரிசி வைத்து, அந்த ஊர்க் கெட்டித் தயிரில் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பிசைந்தால் தயிர்சாதம் ஆயிற்று. புளிப்பு போதவில்லை என்று அம்மா சொல்வார். எலுமிச்சை பிழியலாம். ஊறுகாய் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.

உங்கள் மனைவிக்கு நான் வில்லனாகிவிடக் கூடாது என்பதால் வழியை இப்படிப் போடுங்கள். மியூனிக்கிலிருந்து ஏதென்ஸ். விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு 2022 முதல் ஒரே மெட்ரோ நேராகப் போகிறது, சுமார் ஒரு மணி நேரம். அன்றிரவு அங்கேயே சாதாரண ஹோட்டல் ஒன்றில் தூங்குங்கள், ஏனென்றால் பெரிய கப்பல் காலையில் கிளம்பும். வேகப் படகு சீக்கிரம் போகும், ஆனால் விலையும் அதிகம், குலுக்கலும் அதிகம். பெரிய கப்பலில் ஐந்து, ஐந்தரை மணி நேரம்; அம்மா எழுந்து நடமாடலாம், மேல்தளத்தில் காற்று வாங்கலாம். நாக்ஸோஸில் நான்கு இரவு. அப்புறம் அங்கிருந்து கப்பலிலேயே சாண்டோரினி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கே இரண்டு இரவு. தங்குவது கால்டெரா பக்கம் வேண்டாம், கிழக்குக் கரையில் கமாரி. கறுப்புக் கடற்கரை, சமதரை, விலை நியாயம், விமான நிலையமும் பக்கம். ஃபிராவுக்கு பஸ் உண்டு. பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் ஏறினால் பெரிய தேவாலயத்தின் அருகே மொத்தக் கால்டெராவும் கண்முன் விரியும். அந்த ஏற்றத்தை அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிடலாம். திரும்பும்போது சாண்டோரினியிலிருந்தே மியூனிக்குக்கு நேர் விமானம் பிடியுங்கள். காற்றால் கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனாலும் விமானம் கைவிட்டுப் போகாது.

சூரிய அஸ்தமனத்துக்கு ஓயா போக மனைவி ஆசைப்படுவார். நீங்கள் இருவரும் மட்டும் போய்வாருங்கள். கூட்டத்தில் நின்று, கிடைத்த இடைவெளியில் பார்க்க வேண்டியிருக்கும். நாக்ஸோஸில் ஓர் அஸ்தமனம் இலவசமாகவே இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய சின்னத் திட்டில் கி.மு. 530 வாக்கில் தொடங்கி முடிக்காமல் விட்ட கோவிலின் சலவைக்கல் வாசல் நிற்கிறது. போர்டாரா என்கிறார்கள். கோவில் இல்லை, வாசல் மட்டும். எதிரே கடற்கரை நடைபாதையில் நாற்காலி போட்டிருப்பார்கள். அம்மா அங்கே உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம்.

அன்புடன்.

பி.கு.: ஓயா என்று நாம் எழுதுகிறோம், அங்கே ‘ஈயா’ என்கிறார்கள். பஸ் கேட்கும்போது உதவும்.