அப்பாவின் சேனலில் வராத செய்தி

கேள்வி: ஓய்வுபெற்ற என் அப்பா நாள் முழுக்க ஒரே செய்திச் சேனலைத்தான் பார்க்கிறார். "அது ஒருசார்பான சேனல்" என்றால் சண்டை வருகிறது. நடுநிலையான சேனல் எது? அதை எப்படிப் பார்க்க வைப்பது?

பதில்: இதுதான் நடுநிலைச் சேனல் என்று ஒன்றைக் கைகாட்ட என்னால் முடியாது. தமிழ்நாட்டில் பல சேனல்களின் கட்சிச் சார்பு ஊரறிந்தது. திமுக தலைமைக்கும் சன் டிவியின் மாறன் சகோதரர்களுக்கும் பிணக்கு வந்த 2007-இல் கலைஞர் டிவி பிறந்தது. ஜெயா டிவி சசிகலா குடும்பத்தின் கையில் இருந்ததால் 2018-இல் அதிமுக தரப்புக்கு நியூஸ் ஜெ தேவைப்பட்டது. இதெல்லாம் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். "ஒருசார்பு" என்று நீங்கள் சொல்லும்போது தன்னையே குறை சொல்வதாகத்தான் அவருக்குப் படும்.

சார்பு என்றதும் தொகுப்பாளரின் குரலைத்தான் கவனிக்கிறோம். எனக்கு அதைவிடக் கவலை தருவது, சொல்லாமல் விடப்படும் செய்திதான். பொய் சொன்னால் யாராவது மறுப்பார்கள். விடுபட்ட செய்தி ஒன்று இருப்பதே பார்ப்பவருக்குத் தெரியாது.

2020 செப்டம்பரில் அமெரிக்காவில் புரூக்மேன், கல்லா என்ற இரு அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். டிரம்ப் ஆதரவுச் சேனலான ஃபாக்ஸ் நியூஸை வழக்கமாகப் பார்ப்பவர்கள் சிலருக்கு மணிக்கு 15 டாலர் கொடுத்து, டிரம்பை விமர்சிக்கும் சிஎன்என் சேனலை வாரத்துக்கு 7 மணி நேரம் வரை பார்க்க வைத்தார்கள். அவர்கள் கட்சி மாறிவிடவில்லை. ஆனால் கொரோனா போன்ற விஷயங்களில் எண்ணம் கொஞ்சம் மாறியது. டிரம்ப் தவறு செய்தால் ஃபாக்ஸ் அதைக் காட்டாது என்று ஒப்புக்கொண்டவர்களும் கூடினார்கள். பணம் நின்றதும் பெரும்பாலோர் பழைய சேனலுக்கே திரும்பிவிட்டார்கள்.

நேயர்கள் சேனலை எவ்வளவு இழுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அதே ஆண்டு தேர்தல் இரவில், அரிசோனாவில் பைடன் வெற்றி என்று ஃபாக்ஸ் மற்ற பெரிய சேனல்களுக்கு முன்பே அறிவித்தது. அது சரியான கணிப்புதான். ஆனாலும் கோபப்பட்ட நேயர்கள் நியூஸ்மேக்ஸ் என்ற இன்னொரு டிரம்ப் ஆதரவுச் சேனல் பக்கம் போனார்கள். அப்புறம் வாக்கு இயந்திர மோசடிக் கதைகளுக்கு ஃபாக்ஸில் இடம் கிடைத்தது. அவதூறு வழக்குப் போட்ட டொமினியன் என்ற வாக்கு இயந்திர நிறுவனத்துக்கு 2023-இல் 78.75 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டுதான் ஃபாக்ஸ் சமரசம் செய்தது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? சேனலை மாற்றச் சொல்லாதீர்கள். அப்பாவின் கட்சிக்குச் சங்கடமான தீர்ப்போ ரெய்டோ வந்த நாளில், அவர் சேனலின் தலைப்புச் செய்திகள் முடிந்ததும் எதிர்த்தரப்புச் சேனலின் தலைப்புச் செய்திகளையும் சேர்ந்து பாருங்கள். எங்கே எது வரவில்லை என்று அவரே சொல்லட்டும். உங்களுக்குப் பிடித்த கட்சி மாட்டிக்கொண்ட நாளிலும் இதைக் கட்டாயம் செய்யுங்கள். இல்லையென்றால் அவர் உங்களை நம்ப மாட்டார். இரவு நேர விவாதங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். "அரசியல் விமர்சகர்", "மூத்த பத்திரிகையாளர்" என்ற பட்டத்தோடு கட்சிக்காரர்போலவே பேசுபவர்கள் அங்கே உண்டு. இருவருக்கும் கோபம்தான் மிஞ்சும்.