கையால் அடித்த குக்ரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அடுத்த மாதம் முக்திநாத் யாத்திரை போகிறோம். காத்மாண்டுவில் கையால் அடித்த குக்ரி (நேபாளத்து வளைந்த கத்தி) ஒன்று வாங்க ஆசை. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: காத்மாண்டுவின் சுற்றுலாக் கடைவீதியான தமேலில் முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கி, பூவேலை பொறித்து விற்பவை பெரும்பாலும் சுவரில் மாட்டத்தான். கிழக்கு நேபாளத்து போஜ்பூர் பக்கத்தில் காமி என்னும் கொல்லர் சமூகத்தார் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்வதுதான் வேலைக்கான கத்தி. முதலில் கத்தியின் முதுகை, அதாவது வெட்டாத பக்கத்தைப் பாருங்கள். பிடியருகே தடித்து, நுனியை நோக்கிச் சன்னமாக வேண்டும். நெடுக ஒரே தடிமன் என்றால் தகட்டில் வெட்டியெடுத்தது.

கத்தியின் உயிர்நாடி துவைச்சல், அதாவது காய்ச்சிய இரும்பைச் சட்டென்று ஆற்றி இறுக வைப்பது. பழுக்கக் காய்ச்சிய கத்தியை அவர்கள் தண்ணீரில் முக்குவதில்லை; கெட்டிலிலிருந்து வாய் (வெட்டும் விளிம்பு) நெடுக ஊற்றுகிறார்கள். வாய் மட்டும் சட்டென்று ஆறி இறுகும். முதுகு மெல்ல ஆறி இளக்கமாகவே நிற்கும். ஓங்கி வெட்டினாலும் முறியாததற்கு அதுதான் காரணம். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு சின்ன அரத்தால் தேய்த்துப் பாருங்கள். வயிறு அகன்ற இடத்தில் வாயில் அரம் வழுக்க வேண்டும், முதுகில் கடிக்க வேண்டும். இரண்டிலும் கடித்தால் துவைச்சல் ஏறவில்லை, வாய் மடங்கும். இரண்டிலும் வழுக்கினால் மரக்கணுவில் பட்டதுமே தெறிக்கலாம்.

கொம்புப் பிடி அழகுதான், ஆனால் ஏசி அறையில் காய்ந்து வெடிக்கும், மரப்பிடி வாங்குங்கள். 9 அங்குல நீளமோ 2 அங்குல அகலமோ தாண்டிய கத்தியை, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ என்றே செய்ததாக இல்லாவிட்டால், நம் 2016 ஆயுத விதிகள் ஆயுதமாகவே கணக்கில் எடுக்கும். ஆகவே சிறியதே நல்லது. பில்லைப் பத்திரப்படுத்துங்கள், விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

உருவும்போது உறையின் முதுகுப்பக்கத்தை மட்டும் பிடியுங்கள். வாய்ப்பக்கம் விரல் சுற்றியிருந்தால், உறையைக் கிழித்துக்கொண்டு கத்தி விரலில் இறங்கும்.

கேள்வி: மூன்று வருடக் குக்ரியின் பிடி ஆடுகிறது. என்ன செய்யலாம்?
வாசகர், கோவை

பதில்: பிடிக்குள் போகும் வாலை லாஹா என்கிற அரக்குப் பசைதான் பிடித்து வைத்திருக்கிறது. வெயிலில் கிடந்தாலோ வெந்நீரில் கழுவினாலோ அது இளகிவிடும். அடுப்பில் காட்டி ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள், சூடு வாய்க்கு ஏறினால் துவைச்சலே போய்விடும். இடுக்கில் உதிர்ந்திருக்கும் அரக்கைச் சுரண்டி எடுத்து, அரால்டைட் போன்ற எபாக்சிப் பசையை நிரப்பி, கத்தியை நுனி மேலே இருக்கும்படி நிறுத்தி 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள்.