பகல் ஒன்றரை மணிக்கு நகரும் குதிரை

வணக்கம் மேடம். நான் கும்பகோணத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். மகன் டொராண்டோவில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு ஒரு செஸ் போர்டு அனுப்பினான். அவன் அங்கே காயை நகர்த்தினால் இங்கே என் போர்டில் அதே காய் தானாக நகரும். அடியில் காந்தம் ஓடுகிறதாம். குதிரை மற்ற காய்களை இடிக்காமல் கோட்டோரமாக நழுவிப் போவதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள்கூட வந்தார்கள்.

இப்போது அதைப் பார்த்தாலே எரிச்சல்தான். ஞாயிறு இரவு ஏழரைக்கு ஆடலாம் என்று சொன்னவனே அவன்தான். வருவதே இல்லை. காத்திருந்துவிட்டுப் படுத்துவிடுவேன். மறுநாள் பகல் ஒன்றரைக்கு நான் தட்டு முன்னால் உட்காரும்போது கர்ரென்று காய் நகரும். வேலை நாளிலும் இப்படித்தான். அங்கே அப்போது விடியற்காலை மூன்று மணி, கேட்டால் 'சும்மாதாம்பா' என்கிறான். ஆட்டத்திலும் கவனமில்லை. ஏழு வயதில் நான் சொல்லிக்கொடுத்த பையன், யானையைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறான். முடிந்ததும் போன் செய்து எங்கே தப்பு என்று விளக்கினால், 'சரிப்பா' என்று வைத்துவிடுகிறான். முகம் பார்க்காமல் ஆடுவது ஒரு ஆட்டமா? சொன்ன நேரத்துக்கு வராதவனுக்கு இந்தப் போர்டு எதற்கு? பெட்டியில் போட்டுவிடலாமா?

ஆலோசகர் பதில்:

ஐயா, பெட்டியில் போட்டுவிடாதீர்கள். முகம் பார்க்காத ஆட்டமும் ஆட்டம்தான். 1965-இல் கியூபா போக அமெரிக்க அரசு அனுமதிக்காததால், அமெரிக்க செஸ் வீரர் பாபி ஃபிஷர் நியூயார்க்கில் உட்கார்ந்து, டெலிடைப் என்ற தந்தி போன்ற தட்டச்சுக் கருவியில் நகர்வுகளை அனுப்பியே, அங்கே ஹவானா நகரில் நடந்த போட்டி முழுவதையும் ஆடினார்.

என்னைக் கவலைப்பட வைத்தது அந்த மூன்று மணிதான். மகன் நேரம் தவறுவதற்குச் சாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வேலை நாளில், விடியற்காலை மூன்று மணிக்கு உங்கள் பிள்ளை விழித்திருக்கிறான். அப்பா இந்நேரம் சாப்பிட உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்தே ஒரு காயை நகர்த்துகிறான். உங்கள் ஞாயிறு ஏழரை அவனுக்குக் காலை நேரம். இரவெல்லாம் விழித்தவன் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பான். தூக்கமில்லாதவன் யானையைக் கோட்டை விடுவதில் என்ன ஆச்சரியம்?

காரணத்தை இங்கிருந்து நான் ஊகிக்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் வாய் திறக்காததில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஆட்டம் முடிந்தவுடன் விடைத்தாள் திருத்துவதுபோல் போன் செய்கிறீர்கள். செஸ்ஸில் தோற்றதற்கே இவ்வளவு விளக்கம் என்றால், வேறொன்றில் தோற்றதை அவன் எப்படி உங்களிடம் சொல்வான்?

அடுத்த முறை பகலில் காய் நகர்ந்தால், கையைக் கழுவிக்கொண்டு பதிலுக்கு உடனே ஒரு காய் நகர்த்துங்கள். அப்புறம் போன் செய்து, 'தூக்கம் வரலையாப்பா?' என்று மட்டும் கேளுங்கள். 'சும்மாதான்' என்றால், 'சரி, நானும் சும்மாதான் இருக்கேன்' என்று லைனிலேயே இருங்கள். அன்றைக்கு யானையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை என்று தெரிந்தால் அங்கே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற சாயலில் ஏதாவது சொன்னால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். கனடாவில் 988 என்ற எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், அதை அவனுக்கே சொல்லுங்கள்.