வாசகர் கேள்வி – பதில்: பல்கலைக்கழகத்தின் உள்ளக ஆராய்ச்சி மானியம்

கேள்வி: சேர், நான் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில், கலைப்பீடத்தில் தகுதிகாண் விரிவுரையாளராக இருக்கிறேன். மலையகத்திலிருந்து வந்து கொழும்பு வீடுகளில் தங்கி வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்ய விருப்பம். பல்கலைக்கழகம் தானே கொடுக்கும் உள்ளக ஆராய்ச்சி மானியத்துக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறது. அதெல்லாம் விஞ்ஞானம், மருத்துவம் செய்கிறவர்களுக்குத்தான், தொகையும் கொஞ்சம், சும்மா மினக்கெடாதே என்கிறார்கள் கூட வேலை செய்கிறவர்கள். போடலாமா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: கட்டாயம் போடுங்கள். கலைப்பீடத்துக்குக் கிடைக்காது என்று சொல்கிறவர்களில் பலர் ஒரு தடவைகூட விண்ணப்பித்ததில்லை, மதிப்பீட்டுக் குழுக்களில் இருந்த வருடங்களில் நான் கண்டது இதைத்தான். தகுதிகாண் நிலையில் இருப்பவர் முதன்மை ஆய்வாளராக இருக்கலாமா என்று மட்டும் முதலில் விதிகளைப் பாருங்கள். முடியாதென்றால் ஒரு சிரேஷ்ட விரிவுரையாளரையும் சேர்த்துக்கொண்டு போடுங்கள்.

தொகை சிறியதுதான். ஆனால் உலக வங்கியின் 10 கோடி டொலர் உதவியோடு 2017இல் தொடங்கிய அஹெட் என்ற உயர்கல்வி மேம்பாட்டுத் திட்டமும் முடிந்துவிட்டது, அப்படிப்பட்டவை எப்போதும் இருப்பதில்லை, தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற வெளி இடங்களுக்குப் போனால் இதற்கு முன் என்ன செய்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். அங்கே காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே, அதை இந்தச் சின்னப் பணத்தில்தான் செய்துகொள்ள முடியும். அதனால் கேள்வியையும் சின்னதாக வையுங்கள். கொழும்பு முழுவதையும் எடுக்காமல் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி இரண்டையும் மட்டும் எடுத்து, முப்பது பெண்களோடு ஆறுதலாக உட்கார்ந்து பேசினாலே போதும்.

விண்ணப்பத்தின் முதல் பந்தியை உங்கள் துறையே தெரியாத ஒருவருக்காக எழுதுங்கள், ஏனென்றால் மேசையின் அந்தப் பக்கம் இருப்பவர் இரசாயனவியல்காரராகவும் இருக்கலாம். செலவுத் திட்டத்தில் எல்லோரும் மறப்பது மொழிபெயர்ப்புச் செலவு. சம்மதப் படிவத்தை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, அந்தப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்து வாயால் தமிழில் சொல்லிச் சமாளிப்பது சரியில்லை, அவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பது அவருக்கு விளங்கும் தமிழில் கடதாசியில் இருக்க வேண்டும், வாசிக்கத் தெரியாதவருக்கு அதையே அப்படியே வாசித்துக் காட்ட வேண்டும். வீட்டு எஜமானர்களையும் சந்திப்பீர்கள் என்றால் சிங்களப் படிவமும் தேவைப்படும். அப்புறம், ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் கூலி. ஒரு மணி நேரப் பேச்சை எழுத நாலைந்து மணி நேரம் பிடிக்கும், அதை ஒரு மாணவியிடம் இலவசமாக வாங்காதீர்கள். மடிக்கணினி கேட்க வேண்டாம், முதலில் வெட்டுவது அதைத்தான்.

நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு இன்றே எழுதத் தொடங்குங்கள். அது இல்லாமல் பல இடங்களில் பணம் விடுவிக்க மாட்டார்கள், தகவல் சேகரித்து முடித்த பிறகு போய்க் கேட்கவும் முடியாது. இந்த ஆய்வில் அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி, எஜமானர் வீட்டிலேயே வைத்து அந்தப் பெண்ணிடம் பேசுவீர்களா என்பது. ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில், வெளியே ஓர் இடத்தில் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், லீவே கிடைக்காதவர்களை எப்படிச் சந்திப்பது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கேள்வி: மானியம் கிடைத்தது, ஆனால் இரசாயனங்களின் விலை நான் எழுதிக் கொடுத்ததைவிடக் கூடிவிட்டது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், தெஹிவளை

பதில்: 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டபோது, 200 சொச்சமாக இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது, பலருடைய செலவுத் திட்டம் அந்த நேரம் பாதியாகிப்போனது. உங்களுடையது அவ்வளவு மோசமாக இராது. வாங்கு முன்பே, செலவுத் திட்டத்தின் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற எழுத்தில் அனுமதி கேளுங்கள். வாங்கிவிட்டுக் கேட்டால் கணக்காய்வில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். விலைமனு எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் பாருங்கள், சில கம்பனிகள் இரண்டு வாரத்துக்கு மேல் விலையைப் பிடித்து வைக்காது.

இன்னொன்று, அரசின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. நான் ஒரு வருடம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் பில்களைத் தூக்கிக்கொண்டு நிதிப் பிரிவுக்குப் போனேன், கணக்கை மூடிவிட்டோம் என்றார்கள். கள உதவியாளருக்குக் கொடுக்க வேண்டியதை என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன், அது திரும்பி வர அடுத்த ஜூன் ஆயிற்று. ஒக்டோபருக்குள் பெரிய செலவுகளை முடித்துவிடுங்கள்.

கேள்வி: சம்பளத்தோடு ஆராய்ச்சிப் படி வாங்குகிறேன். உள்ளக மானியமும் கேட்கலாமா?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கேட்கலாம். படி உங்களுக்கு, மானியம் ஆய்வுக்கு. படிக்காகக் கொடுத்த அதே திட்டத்தை மானியத்துக்கும் கொடுப்பதாக இருந்தால் அதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.