மறதிக்கும் கோதுமைக்கும் என்ன சம்பந்தம்? சேலம் வாசகர்களுக்கு ஒரு நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் மனைவிக்கு 34 வயது. ஒரு வருடமாகப் பேச்சின் நடுவே சொல்ல வந்த வார்த்தை வருவதில்லை, கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று நிற்கிறாள். இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ரத்தசோகை தீரவில்லை. டாக்டர் ‘சீலியாக்’ சோதனை செய்யச் சொல்கிறார். குடல் நோய்க்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம்? (அஸ்தம்பட்டி)

டாக்டர் யோசிப்பது சரிதான். மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை இந்த நோயின் முக்கியமான தடயம். கோதுமை, பார்லி, ரை தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால் நோய் எதிர்ப்பு மண்டலம் அவர்களுடைய சிறுகுடலையே தாக்கும். சத்தை எடுக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகும். இரும்பும் ஃபோலேட்டும், சிலருக்கு பி12, தாமிரமும்கூட உடலில் சேராது. இவை குறைந்தாலே மூளை மந்தமாகும். சத்துக்குறைவு இல்லாதவர்களுக்கும் இந்த மந்தம் வருவதால், அழற்சிக்கும் இதில் பங்கிருக்கலாம் என்று கருதுகிறார்கள். வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி எதுவுமே இல்லாமல் வருகிறவர்களும் உண்டு. குளூட்டனை முழுசாக விட்ட பிறகு பலருக்குச் சில மாதங்களில் தலை தெளிகிறது.

ஆனால் நம் பக்கம் இது அபூர்வம். இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வில் வடக்கே சுமார் நூற்றுக்கு ஒருவருக்கும், தெற்கே சுமார் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இருப்பது தெரிந்தது. அதனால் தைராய்டு, பி12, தூக்கம், மனச்சோர்வு ஆகியவற்றையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கும் இதே சந்தேகம். சோதனைக்கு முன்பே சப்பாத்தியை நிறுத்திவிடலாமா? (செவ்வாய்ப்பேட்டை)

கூடவே கூடாது. என்னிடம் வருகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். குளூட்டனை நிறுத்தினால் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்கள் குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கும். அப்புறம் சோதனை ‘இல்லை’ என்று காட்டினாலும் நம்ப முடியாது. முதலில் இந்த எதிர்ப்பொருளைத் தேடும் டிடிஜி-ஐஜிஏ ரத்தப் பரிசோதனை, கூடவே ரத்தத்தில் ஐஜிஏ வகை எதிர்ப்பொருள் மொத்தம் எவ்வளவு என்ற அளவு. தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பியில் குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். சில வாரம் மறுபடி கோதுமை சாப்பிட்டு வரச் சொல்வார்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மலைப்பாதையில் நடக்கும்போது தள்ளாடுகிறார், பேச்சும் குழறுகிறது. கோதுமையாலும் இப்படி ஆகுமா? (ஏற்காடு)

ஆகும், ஆனால் முதல் சந்தேகம் அது அல்ல. தள்ளாட்டமும் குழறலும் திடீரென்று வந்திருந்தால் பக்கவாதமாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மெல்ல மெல்ல வந்தது என்றால் குடிப்பழக்கம், பி12 குறைவு, சில மாத்திரைகள், பரம்பரை நோய் என்று பட்டியல் நீளம். அவற்றோடு குளூட்டன் அடாக்ஸியாவும் உண்டு. இதில் எதிர்ப்பு மண்டலம் சிறுமூளையைத் தாக்கி, உடலின் சமநிலையைக் காக்கும் பர்கின்ஜி செல்களை அழிக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு மருத்துவர்கள் 1990களிலிருந்து இதை எழுதிவருகிறார்கள். பலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இருக்காது. செத்த செல்கள் திரும்ப முளைக்காது. உணவுக் கட்டுப்பாட்டால் மேலும் சேதமாகாமல் தடுக்கலாம், சிலருக்கு ஓரளவு முன்னேற்றமும் தெரியும். அதனால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: மகன் பிளஸ் டூ. கோதுமையை நிறுத்தினால் ஞாபகசக்தி கூடுமா? (ஆத்தூர்)

அப்படியெல்லாம் கூடிவிடாது. நோய் இல்லாதவருக்கு அதனால் லாபம் எதுவும் இல்லை. ராத்திரி நேரத்தோடு தூங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு சீலியாக் உறுதியாகிவிட்டது. சேலத்தில் என்னதான் சாப்பிடுவது? (சூரமங்கலம்)

மற்ற ஊர்க்காரர்களைவிட உங்களுக்குக் கஷ்டம் கம்மி. அரிசி, கேழ்வரகு, சாமை, தினை எதிலும் குளூட்டன் இல்லை. நம்ம ஊர் ஜவ்வரிசியும் குச்சிக்கிழங்கிலிருந்து வருவதுதான், தாராளமாகச் சாப்பிடலாம். மைதா, ரவை, கோதுமைச் சேமியா, பரோட்டா கூடாது என்பது உங்களுக்கே தெரியும். தெரியாமல் மாட்டிக்கொள்வது பெருங்காயத்தில். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், ரசத்திலும் சாம்பாரிலும் தினமும் உள்ளே போய்விடும். ஹார்லிக்ஸும் கோதுமையும் பார்லி மால்ட்டும் சேர்ந்ததுதான். தட்டுவடை செட் பிரியர் என்றால், தட்டையை அரிசி மாவில் மட்டும்தான் செய்கிறார்களா, அதே எண்ணெயில் மைதாப் பலகாரம் போடுகிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஓட்டலில் பரோட்டா போடும் கல்லிலேயே தோசையும் ஊற்றினால், அங்கே இட்லியே போதும்.