அணி ஊரைவிட்டுப் போன பிறகு

கேள்வி: ஃபீனிக்ஸில் இருக்கிறோம். எங்கள் ஐஸ் ஹாக்கி அணி கயோட்டீஸ் 2024 ஏப்ரலோடு கலைந்து, வீரர்கள் யூட்டாவுக்குப் போய்விட்டார்கள். பத்து வயது மகன் "இனி நாம் எந்த அணி?" என்று கேட்கிறான். பக்கத்து லாஸ் வேகஸ் அணியையே பிடித்துக்கொள்ளலாமா? (ஒரு வாசகர், அரிசோனா)

பதில்: பக்கம் என்பதற்காக மட்டும் வேண்டாம். 1997இல் வேலர்ஸ் அணியை இழந்த ஹார்ட்ஃபோர்டுக்குப் பாஸ்டன்தான் கிட்டத்து ஊர். ஆனால் 1990 ப்ளே-ஆஃபில் 5-2 என்று முன்னிலையில் இருந்த ஆட்டத்தைக் கடைசிப் பகுதியில் பாஸ்டனிடம் 6-5 என்று பறிகொடுத்து, தொடரையும் இழந்ததைப் பார்த்தவர்கள் அந்த ஜெர்சியை எப்படிப் போடுவார்கள்? வேகஸிடம் தோற்ற ஆட்டங்களில் மகன் அழுதிருக்கிறானா என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய வீரர்களின் பின்னால் போவது இயல்பு, ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. வேலர்ஸ்தான் கரோலினா ஹரிகேன்ஸ் ஆனது. அது 2006இல் லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியபோது ஹார்ட்ஃபோர்டில் ஆடியவர் என்று மிஞ்சியிருந்தது க்ளென் வெஸ்லி ஒருவரே. க்யூபெக் ரசிகர்களின் நிலை இன்னும் கொடுமை. அவர்கள் அணி 1995இல் கொலராடோ போனது, மறு வருடமே கோப்பை. கோல் காத்தவரோ பேட்ரிக் ருவா, பத்தாண்டாக மான்ட்ரியாலுக்கு ஆடி இவர்களை வதைத்த ஆள்! க்யூபெக்கிலிருந்தே அணியோடு போன ஜோ சாக்கிக்கைப் பற்றிக்கொண்டவர்களுக்கு மட்டும் 2009 வரை அவர் நிலைத்தார்.

ஆகவே ஒரு வீரரைப் பிடிப்பதானால் அவர் ஒப்பந்தம் எதுவரை என்று பாருங்கள். யூட்டா கேப்டன் கிளேட்டன் கெல்லரின் ஒப்பந்தம் 2028 கோடையில் முடிகிறது. அதே அணியின் டிலன் கன்தரின் எட்டாண்டு ஒப்பந்தம் 2025-26இல்தான் தொடங்கியது. பையனுக்குக் கன்தரே பொருத்தம்.

ஆட்ட நேரமும் முக்கியம். கிழக்குக் கரை அணியைப் பிடித்தால் அங்கே இரவு 7 மணி ஆட்டம் உங்களுக்குக் குளிர்காலத்தில் மாலை 5 மணி. நீங்கள் வேலையிலிருந்து திரும்புவதற்குள் பாதி முடிந்திருக்கும். யூட்டாவின் 7 மணி உங்களுக்கும் 7 மணியே. அரிசோனா கடிகாரத்தை மாற்றாததால் மார்ச்சுக்குப் பிறகு 6 ஆகும், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் டூசான் போய்வாருங்கள். உங்களிடமிருந்து சுமார் 180 கிலோமீட்டர். யூட்டாவுக்கு வீரர்களைத் தயார்செய்யும் இளைய அணி ரோட்ரன்னர்ஸ் அங்கேதான் ஆடுகிறது. கன்தரும் அங்கே ஆடி மேலே போனவரே. ஹார்ட்ஃபோர்டிலும் இப்படித்தான் நடந்தது. நியூயார்க் ரேஞ்சர்ஸின் இளைய அணியான வுல்ஃப் பேக் அதே 1997இல் அந்த ஊருக்கு வந்தது. ரயன் கல்லஹனை அங்கே இளம் வீரராகப் பார்த்தவர்கள் அவர் மேலே போனதும் ரேஞ்சர்ஸ் ஆட்டத்தை விடாமல் பார்த்தார்கள். நேரில் பார்த்த முகம்தான் ஒட்டும்.

முதல் சீசனில் ஜெர்சி வாங்காதீர்கள். மகன் கேட்காமலே ஸ்கோர் பார்க்கத் தொடங்கும்போது வாங்கலாம்.

கேள்வி: புதிய அணி வரும் வரை காத்திருந்தால்?

பதில்: மினசோட்டா 1993இல் இழந்து 2000இல் பெற்றது. வின்னிபெக் 15 ஆண்டு காத்து 2011இல் பெற்றது, அதுவும் அட்லாண்டாவிடமிருந்து. அட்லாண்டா அணியை இழந்தது அது இரண்டாம் முறை. க்யூபெக் இன்னும் காத்திருக்கிறது. மினசோட்டாவின் ஏழாண்டுக் கணக்கே உங்களுக்கு வாய்த்தாலும் 2031 ஆகிவிடும், அப்போது மகன் சிறுவனாக இருக்க மாட்டான்.