மூளைக்காய்ச்சல் என்றால் கழுத்து விறைக்குமாமே, கைக்குழந்தைக்கும் வயதானவருக்கும் அதை வைத்தே கண்டுபிடிக்கலாமா?

குமுளியில் குடியிருப்பதாகவும், வீட்டில் 2 மாதக் குழந்தை, பள்ளிக்குப் போகும் பையன், 70 வயது மாமனார் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்று பேரில் கழுத்தை ஓரளவு நம்பலாம் என்றால் அந்தப் பையனுக்கு மட்டும்தான்.

குழந்தைக்குப் பார்க்க வேண்டியது பால் குடிப்பதை. வழக்கமாக இழுத்துக் குடிக்கும் பிள்ளை இரண்டு வாய் சப்பிவிட்டுச் சொக்கிப்போகும், அடுத்த வேளைக்கு எழுப்பினாலும் வாய் வைக்காது. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடலாம். தொடாமல் உடம்பு சில்லிட்டும் போகலாம், அது இன்னும் மோசம். அடுத்தது அழுகை. எந்தப் பிள்ளையும் தூக்கினால் அடங்கும். மூளைக்காய்ச்சலில் மூளை உறை (மூளையையும் தண்டுவடத்தையும் மூடிய சவ்வு) வீங்கிய பிள்ளை தூக்கும்போதுதான் வீறிடும், கிடத்தினால் அடங்கும். முதுகும் கழுத்தும் வளையும்போது அந்த உறை இழுபடுவதால் வரும் வலி அது. நம் பக்கம் இதைத்தான் 'உரம் விழுந்திருக்கு' என்று சேலையில் போட்டு உருட்டுகிறார்கள். உரம் எடுக்கும் பாட்டிகளை நான் குறை சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். காய்ச்சலோ பால் மறுப்போ கூட இருந்தால் அந்தப் பிள்ளையை உருட்டாதீர்கள், அவ்வளவுதான்.

உச்சிக்குழியைப் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, அழாத நேரத்தில், விரல் நுனியால் லேசாகத் தடவ வேண்டும். சமமாகவோ துளி பள்ளமாகவோ இருந்தால் சரி. புடைத்து விண்ணென்று இருந்தால் உடனே கிளம்புங்கள். படுக்கவைத்தோ அழும்போதோ பார்த்தால் நல்ல பிள்ளைக்கும் புடைத்திருக்கலாம். நோய் முற்றிய பிறகுதான் உச்சி புடைக்கும் என்பதால், சமமாக இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. வலிப்பும் இந்த வயதில் எப்போதும் கை கால் வெட்டித்தான் வரும் என்றில்லை. பால் இல்லாமலே வாய் சப்புக்கொட்டலாம், கண் ஒரு பக்கமாக நிலைகுத்தலாம், கால் சைக்கிள் மிதிக்கலாம், மூச்சு நின்று நீலம் பாரிக்கலாம்.

பையனை வாயை மூடிக்கொண்டு மோவாயை நெஞ்சில் தொடச் சொல்லுங்கள். கழுத்தைப் பக்கவாட்டில் திருப்ப முடிவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, இந்த நோயிலும் திருப்ப முடியும். காய்ச்சல் கொதிக்கும்போது கை கால் மட்டும் சில்லென்று இருப்பது, நடக்க முடியாத கால்வலி, வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசுவது, வாந்தி இவற்றைக் கவனியுங்கள். சிவப்புப் புள்ளி இருந்தால் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள் (எவர்சில்வர் டம்ளரில் ஒன்றும் தெரியாது!). அழுத்தியும் மறையாவிட்டால் ஆபத்து. நம் நிறத்துக்குப் புள்ளி உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உள்பக்கம் இவற்றில்தான் தெரியும். புள்ளியே இல்லாமலும் இந்த நோய் வரும். 12 நாளுக்குள் குளம், ஆறு என்று குளித்து மூக்கில் தண்ணீர் ஏறியிருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் அவரிடம் சொல்லிவிடுங்கள். கேரளப் பக்கம் பேசப்படும், மூளையைத் தாக்கும் அமீபா பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது, குடித்தால் வராது.

மாமனார் கதை வேறு. தேய்மானத்தால் அவர் கழுத்து ஏற்கெனவே விறைத்திருக்கலாம், காய்ச்சலும் லேசாக மட்டுமே அடிக்கலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று மகனையே 'யாருப்பா?' என்று கேட்டால் 'வயசாச்சு' என்று விடாதீர்கள். 2004-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், பாக்டீரியா மூளைக்காய்ச்சல் வந்த பெரியவர்களில் காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவுத் தடுமாற்றம் மூன்றும் சேர்ந்து இருந்தவர்கள் 100-க்கு 44 பேர்தான். தலைவலியையும் சேர்த்து நான்கில் குறைந்தது இரண்டு இருந்தவர்கள் 95 பேர். பெரியவர்களுக்கு அந்த நான்கில் எந்த இரண்டு இருந்தாலும் போதும், கிளம்பிவிடலாம்.

ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருந்தால் காட்டுங்கள். அது ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சலைப் பரப்பும் பூச்சி கடித்த இடமாக இருக்கலாம். அந்தக் காய்ச்சலும் மூளை உறைவரை போகும், அதற்கு மருந்தே வேறு. இரண்டு மூன்று வாரமாகத் தலைவலி, மாலைக் காய்ச்சல், எடை இறக்கம் என்று மெதுவாக வந்தால் காசநோய் வகையாக இருக்கலாம்.

'தடுப்பூசி போட்டாச்சே' என்பீர்கள். ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் நம் தமிழ்நாடு, கேரளம் இரண்டில்தான் இந்தியாவில் முதலில் வந்தது. ஆனால் மூளைக்காய்ச்சல் கிருமிகளில் அது தடுப்பது முக்கியமாக ஹிப் என்ற பாக்டீரியா ஒன்றைத்தான். நியூமோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவுக்கான நியூமோகாக்கல் ஊசி தனி: 6, 14 வாரம், 9 மாதம். 2 மாதப் பிள்ளைக்கு இரண்டிலும் முதல் தவணைதான் ஆகியிருக்கும்.

தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரியா, கோட்டயம் மருத்துவக் கல்லூரியா என்று வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்காதீர்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஏறட்டும், பெரிய ஆஸ்பத்திரி பிறகு. நோயை உறுதி செய்ய முதுகில் நீர் எடுப்பார்கள். எடுத்தால் கால் விளங்காது என்பது வெறும் பயம். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது.

எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. மருந்துக்கடையில் 2 மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள், பெயர் இருந்த பாதி கடையிலேயே நின்றுவிடுகிறது. கையில் வருவது 'மஞ்ச மாத்திரை'. அது ஆன்டிபயாடிக்காக இருந்தால் நோய் பாதி அமுங்கி அறிகுறியே மாறிவிடும், முதுகு நீரிலிருந்து கிருமியை லேபில் வளர்த்துப் பார்த்தாலும் அது சிக்காமல் போகலாம். எந்த மாத்திரை என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். முழு அட்டையாக வாங்குங்கள், இல்லாவிட்டால் பெயரை அங்கேயே ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள்.